தினமும் எரிந்த மஞ்சள் விளக்கு: ஒரு மின்சார டிரெய்லரில் பேட்டரி கூலண்ட் குறைந்த நிகழ்வு

வண்டி, சென்னைத் துறைமுகத்துக்கும் மணலி பக்கத்து கன்டெய்னர் யார்டுக்கும் இடையே ஓடும் மின்சார பிரைம் மூவர், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி. பேட்டரி சுமார் 250 கிலோவாட்-மணி, எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. ஆறு பேக்குகள்: நான்கு சேஸிஸின் இரு பக்கமும், இரண்டு கேபினுக்குப் பின்னால் உயரத்தில். நாளுக்கு நான்கு நடை, நடுவில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜிங், இரவில் ஒன்று. மே மாதம்.

புகார் இரண்டாக வந்தது. டிரைவர் சொன்னது: "டப்பால கம்மியா இருக்குன்னு மஞ்ச லைட்டு எரியுதுண்ணா. நேத்துதான் ஊத்துனேன், இன்னிக்கும் எரியுது." டப்பா என்றது, பேட்டரியைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் நிற்கும் டப்பாவை. யார்டு மேற்பார்வையாளர் சொன்னது வேறு: மதியம் 120 கிலோவாட்டில் ஏறிக்கொண்டிருந்த சார்ஜ், ஒரு வாரமாகப் பாதி வழியில் 40 கிலோவாட்டுக்கு இறங்கிவிடுகிறது. சார்ஜர் கோளாறு என்று நினைத்து கன் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், பக்கத்து சார்ஜரிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விளக்கு எரியத் தொடங்கி 19 நாளாகியும், இரண்டும் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டீசல் வண்டிப் பழக்கம் இங்கே தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. பழைய லாரியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது காலை வேலைகளில் ஒன்று. மின்சார வண்டியின் பேட்டரி கூலண்ட் சுற்று மூடிய சுற்று. அதில் எதுவும் எரிவதில்லை, கொதிப்பதில்லை. ரப்பர் ஹோஸின் சுவர் வழியே மாதக்கணக்கில் கசியும் ஈரம் மிகக் கொஞ்சம். சர்வீஸில் கூலண்ட் மாற்றிய பிறகு உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, முதல் வாரத்தில் அரை லிட்டர்வரை மட்டம் இறங்கலாம். அது ஒருமுறைதான். மற்றபடி மட்டம் இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் டப்பாவை நிரப்புவது அறிகுறியை அழிக்கும் வேலை.

மட்டம் குறைந்தால் சார்ஜ் ஏன் இறங்குகிறது?

120 கிலோவாட்டில் சார்ஜ் ஏறும்போது செல்களுக்குள் நான்கு கிலோவாட் அளவுக்கு வெப்பம் பிறக்கும் என்று வையுங்கள். கிளைக்கால் என்ற இரசாயனத் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலண்ட் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால், பேக்குகளைக் கடந்து வரும்போது அதன் வெப்பம் 3 டிகிரி சொச்சம்தான் கூடும். பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சி ஓட்டம் 8 லிட்டராக விழுந்தால் அதே வெப்பத்துக்கு 8 டிகிரிக்கு மேல் கூடும். கடைசி பேக்குக்குப் போய்ச் சேரும் கூலண்ட் ஏற்கெனவே சூடு. காற்று எப்போதும் உயரத்தில்தான் தங்கும். எனவே கேபினுக்குப் பின்னால் உள்ள இரண்டு பேக்குகளும் முதலில் தவிக்கும். பேட்டரி மேலாண்மைக் கணினி சராசரியைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, மிகச் சூடான செல்லைப் பார்த்தே மின்னோட்டத்தைக் குறைக்கிறது. ஒரே ஒரு மூலையில் சில செல்கள் 45 டிகிரியைத் தாண்டினாலே மொத்த வண்டியின் சார்ஜும் இறங்கிவிடும்.

டயக்னாஸ்டிக் கருவியை மாட்டியதும் தெரிந்தது அதேதான். கீழ் பேக்குகள் 36, 37 டிகிரி. மேல் பேக்குகள் 44, 47. நல்ல வண்டியில் பேக்குகளுக்கிடையே 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. பம்ப் முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் வழக்கத்தைவிடக் குறைவான ஆம்பியரே இழுக்கிறது. இந்தக் கூட்டணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வேகம் அதிகம், கரண்ட் கம்மி என்றால் பம்ப் காற்றைக் கடைகிறது. ஹோஸில் அடைப்பு இருந்தாலும் கரண்ட் குறையலாம் என்பதால் காதையும் பயன்படுத்த வேண்டும். கேபினுக்குப் பின்னால் நின்று கேட்டால் குடத்தில் தண்ணீர் உருளும் சத்தம் வந்தது.

முதலில் பார்க்கவேண்டியது இன்சுலேஷன்

கீழே படுத்து ஹோஸைத் தேடுமுன் ஒரு எண்ணைப் பார்த்தே ஆகவேண்டும். கூலண்ட் வெளியே சொட்டினால் செலவு. பேக்குக்குள் சொட்டினால் ஆபத்து. பேக்குக்குள் கசிந்தால் உயர் அழுத்த மின்சுற்றுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள மின்தடை, அதாவது இன்சுலேஷன் எண், படிப்படியாக விழும். மின்சார வண்டிகளுக்கான இந்தியத் தரவிதி ஏஐஎஸ்-038-இன்படி நேர்மின்சுற்றுக்கு (டிசி) வோல்ட்டுக்கு 100 ஓம், மாறுமின்சுற்றோடு (ஏசி) இணைந்திருந்தால் வோல்ட்டுக்கு 500 ஓம் இருக்கவேண்டும். 600 வோல்ட் வண்டிக்கு 3 லட்சம் ஓம். அது கீழ் எல்லை மட்டுமே; ஆரோக்கியமான வண்டி மெகாஓமில் காட்டும். இன்றைய எண்ணைவிட, கடந்த ஒரு மாதத்தில் அது எப்படி நகர்ந்தது என்பது முக்கியம். இந்த வண்டியில் 1.9 மெகாஓம், மாதம் முழுக்க அசையவில்லை. அதனால் வேலையைத் தொடரலாம் என்று முடிவானது.

அந்த எண் இறங்கிக்கொண்டே போயிருந்தால், வெளியே ஈரமே இல்லாமல் மட்டம் மட்டும் குறைந்திருந்தால், வேலை அங்கேயே நின்றிருக்க வேண்டும். சார்ஜ் போடக்கூடாது. வண்டியைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தி, தயாரிப்பாளரின் பேட்டரி ஆட்களை அழைக்கவேண்டும். பேக்கின் மூடியை உள்ளூர்ப் பட்டறையில் திறப்பது யாருக்கும் நல்லதல்ல. பேக்கிலிருந்து வெடிச்சத்தம், வெண்புகை, கூரிய இரசாயன வாடை ஏதாவது வந்தால் ஆட்களை விலக்கிவிட்டு 101 அல்லது 112-ஐ அழைப்பது ஒன்றே வேலை.

மின்சாரத்தைத் துண்டிக்கும் முறையில் சுருக்குவழி கிடையாது. சாவியை எடுத்து ஆள் தன் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். 24 வோல்ட் பேட்டரியின் சுவிட்சை அணைக்கவேண்டும். பேட்டரியின் உயர் அழுத்த இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் டிஸ்கனெக்டைக் கழற்றிப் பூட்டு போடவேண்டும். கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, 1000 வோல்ட் கையுறையோடு அளந்து, 60 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதிசெய்த பிறகுதான் ஆரஞ்சு கேபிள்கள் பக்கம் கை போகலாம். கையுறையைப் போடுமுன் காற்றடைத்துப் பார்த்து ஓட்டை இல்லை என்று தெரிந்துகொள்வது அரை நிமிட வேலை.

எதை ஊற்றினார்கள்?

டிரைவர்கள் இருவர், மூன்று முறை ஊற்றியிருக்கிறார்கள். எவ்வளவு என்பது எங்கும் எழுதப்படவில்லை. முதல் முறை யார்டுக் குழாயிலிருந்து, அதாவது போர்வெல் தண்ணீர். பிறகு இரண்டு முறை டீக்கடைக் கேன் தண்ணீர். அவர்கள் மேல் தப்பில்லை. மட்டத்தைப் பார்க்கச் சொன்னவர்கள் எதை ஊற்றவேண்டும் என்று சொல்லவில்லை, கூலண்ட் கேனும் யார்டில் இல்லை.

அளவை கூலண்டே சொல்லிவிட்டது. கலவை விகிதத்தைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்ததில் கிளைக்கால் 38 சதவீதம். நிரப்பும்போது 50. சுற்றின் மொத்தக் கொள்ளளவு 22 லிட்டர். 50 என்பது 38 ஆக வேண்டுமென்றால் ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் போயிருக்கவேண்டும். அதே அளவு கூலண்ட் வெளியேறியிருக்கவேண்டும். 19 நாளுக்கு ஐந்து லிட்டரை வகுத்தால் நாளொன்றுக்குக் கால் லிட்டர் சொச்சம். இருபது மணி நேர ஓட்டத்தில் நிமிடத்துக்கு நான்கைந்து சொட்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடும்போது சொட்டினால் யார் கண்ணுக்கும் படாது.

அடுத்து மின்கடத்துத்திறன். இந்த வண்டிக்குக் குறிப்பிடப்பட்டது குறைந்த மின்கடத்தும் கூலண்ட். புதிதாக இருக்கும்போது சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே. சாதாரண எஞ்சின் கூலண்ட் ஆயிரங்களில் இருக்கும். டப்பாவில் இருந்தது 340 காட்டியது. வட சென்னையின் நிலத்தடி நீருக்கு இங்கே பங்கு உண்டு. மீஞ்சூர் பக்கம் ஆரணி–கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் பல பத்தாண்டுகளாக நீரை அதிகமாக உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது. கடற்கரையோர போர்வெல்களில் உப்பு சர்வசாதாரணம். அந்தத் தண்ணீரின் குளோரைடு, பேக்குக்குள் கூலண்ட் ஓடும் அலுமினியக் கூலிங் பிளேட்டைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். இன்று வெளியே ஒரு ஓ-ரிங்கில் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தில்) இருக்கும் கசிவு, ஒன்றிரண்டு வருடத்தில் பேக்குக்குள்ளேயே தொடங்குவதற்கு அது விதை. கேன் தண்ணீர் உப்பில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதிலும் துருத்தடுப்புச் சேர்மானம் கிடையாது.

நிறத்தை நம்பவேண்டாம். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்பது சாயம் மட்டுமே. ஒரே நிறத்தில் ஒன்றோடொன்று சேராத கூலண்டுகள் விற்கின்றன. இந்த வண்டியில் இரண்டு டப்பாக்கள் பக்கத்துப் பக்கத்தில்: ஒன்று பேட்டரிக்கு, மற்றது மோட்டார்–இன்வெர்ட்டருக்கு. இரண்டாவது சுற்று ஓட்டத்தில் நல்ல சூடாக, அழுத்தத்தோடு இருக்கும். அவசரத்தில் மூடி மாறித் திறந்தால் கை வேகும்.

கசிவைப் பிடித்தது

கசிவு தேடுவதில் பெரும்பாலோர் விட்டுவிடும் படி ஒன்று உண்டு, அது டப்பாவின் மூடியும் மட்டச் சென்சாரும். மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் அந்தக் காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச். மிதவை ஒட்டிக்கொண்டால் டப்பா நிறைந்திருந்தும் விளக்கு எரியும். எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது மட்டும் எரிந்து இறங்கியதும் அணைந்தால், மட்டம் எல்லையில் இருக்கிறது, சாய்வில் மிதவை தொங்குகிறது என்று பொருள். இங்கே சென்சார் சரி. டப்பாவில் குமிழி வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். ஏசி வாயுவால் கூலண்டைக் குளிரவைக்கும் சில்லருக்குள் துளை விழுந்தால், அதிக அழுத்தத்தில் இருக்கும் ஆர்134ஏ வாயு கூலண்டுக்குள் புகும். மட்டம் முதலில் ஏறும், மூடி வழியே கூலண்ட் பொங்கி வெளியேறும், பிறகுதான் குறையும். ஏசி குளிர்ச்சியும் சேர்ந்து குறைந்தால் சந்தேகம் உறுதி. இந்த வண்டியில் குமிழி இல்லை.

வண்டி இரவு முழுக்க நின்று குளிர்ந்த பிறகு கைப்பம்பால் அழுத்தச் சோதனை. மூடியில் எழுதியிருக்கும் அழுத்தமே உச்சம். இங்கே 1 பார். 15 நிமிடம் காத்திருந்தும் முள் அசையவில்லை. பல பட்டறைகளில் இந்த இடத்தில் "லீக் இல்லை" என்று எழுதி வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஆனால் 38 சதவீதம் என்ற எண் பொய் சொல்லாது. நிற்கும்போது கசியாதது அசையும்போது கசியலாம். எனவே அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோஸையும் இணைப்பருகே பிடித்து, பள்ளத்தில் இறங்கும் வண்டி ஆட்டுவதுபோல் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்கள். வலப்பக்கப் பின் பேக்கின் வெளிவாயில் ஹோஸை மாட்டும் குவிக் கனெக்டரில், ஏழாவது எட்டாவது ஆட்டில் முத்துப்போல ஒரு துளி.

துடைத்துப் பார்த்தால் காய்ந்த தடமும் இருந்தது. கண்ணுக்கு எளிதில் படாததற்குக் காரணம் சாலை. அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் பக்கம் போய்வரும் வண்டிகளில் சாம்பல் தூசி அப்பிக்கிடக்கும். கூலண்ட் அதில் ஊறி சாம்பல் களிம்பாகி, பிறகு காய்ந்து அழுக்கோடு அழுக்காகிவிட்டது. கசிவு தேடுமுன் இணைப்புகளைத் துணியால் துடைத்துக் காயவிட்டு ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தால் பாதி வேலை மிச்சம். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவக்கூடாது. கனெக்டர் சீலுக்குள் அது புகும், தடமும் அழியும்.

கனெக்டரைக் கழற்றியதும் கதை முழுதும் தெரிந்தது. உள் ஓ-ரிங்கில் கால் வட்டத்துக்கு வெட்டு. லாக் கிளிப் முழுதாக உட்காரவில்லை, ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கலாக நின்றது. ஒன்றரை மாதம் முன்பு சஸ்பென்ஷன் புஷ் மாற்றும்போது இந்த ஹோஸைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங்கை நனைக்காமல் வறட்டு ரப்பராகவே தள்ளியதில் விளிம்பு சுருண்டு வெட்டுப்பட்டது. அதைவிடப் பெரிய தவறு, ஹோஸைச் சேஸிஸோடு பிடிக்கும் பிராக்கெட்டின் ஒரு போல்ட் போடப்படாமல் விட்டது. ஹோஸின் முழு ஆட்டமும் கனெக்டரின் தலையில் விழுந்தது. சாத்தாங்காடு சந்திப்பிலும் மணலி நெடுஞ்சாலைப் பள்ளங்களிலும் ஏற்றிய டிரெய்லர் குலுங்கும் குலுக்கலுக்கு அது தாங்காது. வெறும் ஓ-ரிங்கை மாற்றி அனுப்பியிருந்தால் இரண்டு மாதத்தில் இதே வண்டி இதே இடத்தில் மறுபடி நின்றிருக்கும்.

சரிசெய்த விதம்

புதிய கனெக்டர், தயாரிப்பாளர் எண்ணுள்ள புதிய ஓ-ரிங். கடையில் கிடைக்கும் நைட்ரைல் ஓ-ரிங் வேண்டாம், கிளைக்காலுக்கு ஈபிடிஎம் ரப்பர்தான் ஏற்றது. ஈபிடிஎம்மில் கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் அது உப்பிவிடும். கூலண்டாலேயே நனைத்து நேராகத் தள்ளி, கிளிக் கேட்ட பிறகு பின்னோக்கி இழுத்துப் பார்க்கவேண்டும். விடுபட்ட போல்ட் போடப்பட்டது. கடற்காற்றில் துருப்பிடித்திருந்த பக்கத்துக் கிளாம்புகள் இரண்டும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறின.

உப்பு கலந்த கூலண்டை வடித்து புதியதை ஊற்றினால் போதும் என்று தோன்றும். போதாது. வடிகுழாயைத் திறந்தால் வருவது 18, 19 லிட்டர். மீதி கூலிங் பிளேட்டுகளின் மடிப்புகளில் தங்கும். மின்கடத்துத்திறன் 5 மைக்ரோசீமென்ஸுக்குக் குறைவான டிமினரலைஸ்டு தண்ணீரை நிரப்பி, பம்பை 15 நிமிடம் ஓட்டி வடித்தார்கள், இரண்டு முறை. ஆனால் கடைசியாக உள்ளே தங்கும் மூன்று லிட்டர் வெறும் தண்ணீராக இருந்தால், 50-க்கு 50 கலந்து வரும் ரெடிமிக்ஸ் கூலண்ட் 43 சதவீதமாக நீர்த்துவிடும். ஆகவே மூன்றாவது அலசல் ரெடிமிக்ஸ் கூலண்டாலேயே. கூலண்ட் இரட்டிப்புச் செலவாகும் என்று யார்டில் முகம் சுளித்தார்கள். 2025 ஜூலையில் மின்சார டிரக்குகளுக்கு அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் மானியத்தில் பேட்டரிக்கு ஐந்து ஆண்டு அல்லது ஐந்து லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் நிபந்தனை. தவறான திரவம் ஊற்றிய தடயம் அந்த உத்தரவாதத்தைக் கேள்விக்குள்ளாக்கும். இருபது லிட்டர் கூலண்டின் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நிரப்புவதற்கு வேக்குவம் கருவி. சுற்றை மைனஸ் 0.85 பாருக்கு இழுத்து, 10 நிமிடம் முள் நிற்கிறதா என்று பார்ப்பது இன்னொரு கசிவுச் சோதனையும்கூட. பிறகு உறிஞ்சவிட்டால் கூலண்ட் தானாக ஏறும். வேக்குவம் கருவி இல்லாத யார்டில் மேல் பேக்குகளில் காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகைத் திறந்து, குமிழியில்லாமல் நேராக ஒழுகும்வரை மெதுவாக ஊற்றவேண்டும்; நேரம் இரண்டு மடங்கு. எந்த வழியானாலும் டயக்னாஸ்டிக் கருவியின் பிளீட் பயன்முறையில் பம்பை 30 நிமிடம் விட்டுவிட்டு ஓட்டி, மட்டம் இறங்க இறங்க நிரப்பவேண்டும். இங்கே அப்படி 1.4 லிட்டர் உள்ளே போனது. டப்பா காலியாக இருக்கையில் பம்பை ஓட்டக்கூடாது. பம்பின் தாங்குபரப்புகளைக் குளிர்விப்பதும் வழவழப்பாக்குவதும் அந்தக் கூலண்டேதான்.

முடிவில்: கிளைக்கால் 49 சதவீதம், மின்கடத்துத்திறன் 70. மதிய சார்ஜில் 120 கிலோவாட் கடைசிவரை நின்றது. மேல், கீழ் பேக்குகளின் வித்தியாசம் 3 டிகிரி. மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் 300 மில்லி, நான்காம் நாள் 100 மில்லி சேர்க்க வேண்டியிருந்தது. அதன்பின் ஒரு மாதம் மட்டம் அசையவில்லை.

வடித்த கூலண்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எத்திலீன் கிளைக்கால் விஷம், சுவையோ இனிப்பு. தரையில் ஓடவிட்டால் யார்டு நாயும் தெருமாடும் நக்கும். கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் பாழாகும். கால்வாயில் விட்டால் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்து அந்த மீனவர்கள் பட்டது போதும். அலசிய தண்ணீர் உட்பட அத்தனையையும் மூடியுள்ள கேன்களில் பிடித்து, பெயரெழுதி, அங்கீகாரம் பெற்ற கழிவெடுப்பவரிடம் ஒப்படைக்கவேண்டும்.

யார்டில் மாறியவை

மட்டம் பார்ப்பது இனி ஒரே நேரம், ஒரே இடம்: காலை முதல் நடைக்கு முன், சமதரையில். சூட்டில் 20 டிகிரி ஏறினாலே 22 லிட்டர் கூலண்ட் கால் லிட்டர் வரை விரியும். ஒருநாள் சூட்டிலும் மறுநாள் குளிரிலும் பார்த்து ஒப்பிட்டால் இல்லாத கசிவு தெரியும், இருக்கும் கசிவு மறையும். பேட்டரி டப்பாவின் மூடிக்கு வண்ணச் சீட்டு, அதில் எந்தக் கூலண்ட் என்ற பெயர். ஐந்து லிட்டர் ரெடிமிக்ஸ் கேனும் அரை லிட்டர் அளவுக்குவளையும் யார்டில் பூட்டி வைக்கப்பட்டன. ஊற்றியவர் மில்லிலிட்டரில் எழுதவேண்டும். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை ஊற்றவேண்டி வந்தால் வண்டி அன்றே அழுத்தச் சோதனைக்குப் போகும்.

டிரைவர்களுக்குச் சொன்னது சுருக்கமானது. மஞ்சள் எரிந்தால் கையிலுள்ள நடையை நிதானமாக முடித்து யார்டுக்கு வரலாம், ஆனால் வழியில் ஃபாஸ்ட் சார்ஜிங் வேண்டாம். சிவப்பு எரிந்தால் ஓரம் கட்டி, அணைத்து, ஃபோன். துறைமுக வரிசையில் நிற்கும்போது கூலண்ட் தீர்ந்துபோனதை நேரில் கண்டால் எந்தத் தண்ணீரையும் ஊற்றவேண்டாம், இழுவை வண்டி வரட்டும்.

அதே தொகுப்பில் வாங்கிய மற்ற நான்கு வண்டிகளின் கீழும் டார்ச் அடித்துப் பார்க்கப்பட்டது. இரண்டில் அதே பிராக்கெட் போல்ட் தளர்ந்திருந்தது. ஒன்றில் லாக் கிளிப் அதே ஒரு மில்லிமீட்டர் தூக்கலில். அங்கே இன்னும் சொட்டத் தொடங்கியிருக்கவில்லை.